எங்கள் பள்ளிக்கூடத்தின் அணிசேராக் கொள்கை

எங்கள் பிள்ளைகளுக்குச் சீனா சீருடைத் துணி கொடுத்தது. இந்தியா ஸ்மார்ட் போர்ட் கொடுத்தது. பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத் தண்ணீர் மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் புசல்லாவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. நான் கண்டிக்காரி. காலையில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து, பேராதனை, கம்பளை என்று வளைந்து வளைந்து போய், மெயின் ரோட்டில் இறங்கி, மிச்சத் தூரத்தை ஏறி நடந்து போகும் பிரதி அதிபர். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானமும் நான்தான். அயல் வல்லரசுகளின் போட்டி, அதிகாரச் சமநிலை, பிராந்தியப் பாதுகாப்பு எல்லாம் அதில் வரும். ஒரு பக்கம் இந்தியா, மறு பக்கம் சீனா, நடுவில் நாம் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவேன். நம் வட்டத்தைச் சின்னதாகப் போடும்போது சோக்கட்டி உடைந்துவிடும்.

பாடத்தை ஒழுங்காக நடத்த விடாதது அந்தத் தண்ணீர்தான். மலசலகூடத்துக்குக் கதவு உண்டு, கூரை உண்டு, பைப்பும் உண்டு. பைப்பில் காற்று வரும். இடைவேளைக்குப் பெண்பிள்ளைகள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் பக்கத்துப் பீலிக்கு இறங்கிப் போவார்கள். மலையில் இருந்து மூங்கில் வழியாக விழுகிற தண்ணீர் அது. அங்கே போனால் வீடு பக்கம், வீட்டுக்குப் போனால் வேலை பக்கம், திரும்பி ஏறி வர யாருக்கு மனம் வரும்? மத்தியானத்துக்குப் பிறகு வகுப்பில் பையன்கள் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார்கள். அதனால் எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் காலையில் நடத்திய முதலாம் உலகப் போர் நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப் போர் நடந்ததே தெரியாது. பரீட்சையில் அதுதான் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள், என் கண் முன்னாலேயே கோட்டை விட்டார்கள்.

நான் கேட்காத இடமில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷம் போனால் அதற்கடுத்த வருஷம். நன்கொடை தருகிறவர்களுக்கோ மலசலகூடம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிடும். ஸ்மார்ட் போர்ட் என்றால் முன்னால் நின்று படம் எடுக்கலாம். மலசலகூடத்துக்கு முன்னால் யார் நிற்பார்கள்? அந்த ஸ்மார்ட் போர்டுக்கு இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் எங்கள் மலைக்கு ஏறாது. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு வைத்திருக்கிறோம். சரஸ்வதி பூசைக்கு அதற்கும் சந்தனம் வைப்பதுண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் கண்டிக்குப் பக்கத்து முஸ்லிம் மனிதர். நாலு தலைமுறையாகப் புடவைக் கடை வைத்திருந்த குடும்பம். நான் புத்தகத்தில் படித்துச் சொல்லும் வெளியுறவுக் கொள்கையை அவர் கடையில் வளர்ந்தே கற்றிருந்தார்.

"டீச்சர், எங்கட வாப்பா கடையில ஒரு சாரி விக்காம கெடந்தா, இத இன்னொருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லுவாரு. ஒடனே வித்துரும்."

அது பொய் அல்லவா என்று கேட்டேன்.

"பொய் இல்ல. மொதல்ல எங்கட உம்மாவக் கேக்க வெச்சிட்டுத்தான் சொல்லுவாரு."

அந்தத் தத்துவத்தின்படி அவருடைய அறைச் சுவரில் ஒரே ஆணி. அதில் மாட்ட இரண்டு பொருள். ஒன்று, ஸ்மார்ட் போர்டோடு வந்த கடிகாரம், முகத்தில் இந்தியக் கொடி. மற்றது, கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடை கொடுத்த கலண்டர், முழுக்க டிராகன். இந்தியப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் டிராகன் ஏறும். சீனப் பக்கம் என்றால் கடிகாரம் ஏறும். வருகிறவர் நம்முடைய வறுமையைப் பார்க்கக் கூடாதாம், மற்றவனின் கையைப் பார்க்க வேண்டுமாம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு என்று நான் சொன்னதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஸ்மார்ட் போர்டைப் பழுதுபார்க்க வந்தவர் டிராகனைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் ஒரு லொறி கதிரைகள் வந்தன. ஆனால் கதிரையில் உட்காரத்தான் முடியும்.

எங்கள் பாதுகாப்பு ஆலோசகர் கணித ஆசிரியர். யாழ்ப்பாணக் கடற்கரையில் பிறந்து, கம்பளையில் அறை எடுத்துத் தங்கி, கடலே தெரியாத மலையில் கடற்படைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர். கொழும்புக்கோ தெற்கிலுள்ள துறைமுகத்துக்கோ ஒரு சீன ஆராய்ச்சிக் கப்பல் வந்தால் போதும், ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிவிடும். ஆராய்ச்சி என்று சொல்லித்தான் வருவார்கள், இந்தியா சும்மா விடாது, முதல் குண்டு எங்கே விழும் தெரியுமா என்று தொடங்குவார். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவரே சொல்வார். ஒவ்வொரு முறையும் அது புசல்லாவைக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தது.

அவர் வேலைக்கு வந்த முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் இந்தியாவில எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்கும் எனக்கும் ஆகாது. கொழும்பில் கேட்பார்கள். அலுவலகத்தில் கேட்பார்கள். ஸ்மார்ட் போர்ட் திறக்க வந்த இந்தியர்கள் ஆளுக்கு ஒரு தரம், ரொம்ப அன்பாக, உங்கள் சொந்த ஊர் திருச்சியா மதுரையா என்று கேட்டார்கள். என் அப்பா கண்டி மாநகர சபையில் கிளார்க். அவருடைய அப்பாவும் கண்டியில் செத்தவர். அதற்கு முன்னால் எந்த ஊரில் கப்பல் ஏறினார்கள் என்று சொல்லி வைக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதனால் நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். கண்டி என்பேன். அதற்கு முன்னால் என்று கேட்பார்கள். கண்டி ஆஸ்பத்திரி என்பேன். கணித ஆசிரியர் அன்றைக்கு நேரே வகுப்புக்குப் போய்ப் பெருக்கல் நடத்தினார்.

இப்படி இருக்கும்போதுதான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாளைக்கு வெளிநாட்டு மாத்தயா, பெரிய மனிதர் ஒருவர், வருகிறார், பள்ளிக்கூடத்தின் தேவைகளைப் பார்க்க. எந்த நாடு என்று அதிபர் கேட்டிருக்கிறார். போனில் பேசிய கிளார்க்குக்குத் தெரியவில்லை, அவருடைய மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். இன்னொரு தரம் எடுத்துக் கேளுங்கள் என்றேன்.

"ஏன் கேக்கிறீங்கன்னு கேட்டா நான் என்ன டீச்சர் சொல்றது? எந்தக் கலண்டர மாட்டணும்னு தெரியணும் எண்டா?"

ஆகவே இரண்டு நாட்டுக்கும் தயாரானோம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இந்தியா. ஆரத்தித் தட்டு, பன்னீர்ச் செம்பு, ஒருவருக்கும் பொருள் தெரியாத ஒரு ஹிந்திப் பாட்டு. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சீனா. கீழே உள்ள சிங்களப் பாடசாலையில் வெசாக் விளக்குக் கூடுகள் கடன் வாங்கிச் சிவப்புத் தாள் ஒட்டினோம். கணித ஆசிரியர் போனைப் பார்த்து "நீ ஹாவ்" என்று சீன வணக்கம் சொல்லப் பழக்கி, அதையே எங்கள் கும்மி மெட்டில் ஒரு பாட்டாக்கிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாட்டை வாசலில் நிறுத்துவது, மறு நாட்டை நூலகத்துக்குள் பூட்டி வைப்பது என்று ஏற்பாடு.

எந்த நாட்டைப் பூட்டுவது என்று அறிய உளவுத்துறை வேண்டும். கணித ஆசிரியர் கீழே, மெயின் ரோட்டில் இருந்து எங்கள் பாதை பிரிகிற முடக்கில் நிற்பார். வண்டி திரும்பும்போது உள்ளே பார்த்துவிட்டு எனக்கு ரிங் கட் கொடுப்பார். போனில் காசு மிச்சம் பிடிக்க இந்த நாடு முழுக்கச் செய்கிற வேலைதானே, மணி அடித்ததும் வெட்டிவிடுவது. ஒரு ரிங் கட் என்றால் இந்தியா. இரண்டு என்றால் சீனா.

மறுநாள் மூடுபனி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு தரம் அடித்து வெட்டியது. எட்டாம் வகுப்பு கற்பூரத்தை ஏற்றப் போனது. மறுபடி அடித்து வெட்டியது. இந்தியாவை நூலகத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். சீனா வெசாக் கூடுகளோடு ஓடி வந்தது. அதிபர் உள்ளே ஓடி டிராகனைக் கழற்றிக் கடிகாரத்தை மாட்டினார், போதாதென்று ஸ்மார்ட் போர்டின் மேலிருந்த துணியையும் உருவிவிட்டார்.

வெள்ளை ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் வலயக் கல்வி அலுவலகத்துச் சிங்கள அதிகாரி. பின்னால் இறங்கியவர் இளைஞர், குள்ளம், சின்னக் கண், தட்டையான கன்னம், மலை ஏறிப் பழகிய சப்பாத்து. ஆறாம் வகுப்பு அவருக்கு மாலையைப் போட்டு, கூட்டைத் தூக்கி ஆட்டி, தொண்டை கிழிய நீ ஹாவ் கும்மி அடித்தது.

அந்த மனிதர் அப்படியே நின்றார். முகத்தில் என்னவோ வந்து போனது. பிறகு குனிந்து, மாலை போட்ட பிள்ளையின் கையைப் பிடித்து, "வணக்கம்" என்றார்.

கணித ஆசிரியர் குறுக்குப் பாதையில் ஓடி ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து சேர்ந்தார். "பாத்தியளோ டீச்சர், தமிழும் படிச்சிட்டல்லோ வந்திருக்கினம். எவ்வளவு தூரத்துக்குத் திட்டம் போட்டிருக்கினம் எண்டு பாருங்கோ."

சிங்கள அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். தமிழ்ப் பாட்டுகளில் இருக்கிற தாளம் வேறு எதிலும் இல்லை என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

அதிபரின் அறையில் விருந்தாளி சுவரைப் பார்த்தார். கடிகாரத்திலிருந்த கொடியைப் பார்த்தார். அதிபர் பெருமையோடு, எங்களுக்கு இந்தியா மிகவும் நெருக்கம், அடிக்கடி வருவார்கள், கேட்டதெல்லாம் தருவார்கள் என்று ஆங்கிலத்தில் அளந்தார். விருந்தாளி அமைதியாகக் கேட்டுவிட்டுத் தன் அட்டையை எடுத்து நீட்டினார். அட்டையில் மூன்று சிங்கம் இருந்தது.

அதிபர் அதைப் படித்தார். தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கொடுத்தார். "டீச்சர், நம்மட கொள்கை தலகீழாப் போய்ட்டு."

விருந்தாளி இந்தியத் தூதரகத்து அதிகாரி, மிசோரம் மாநிலத்துக்காரர். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மலைக்கு மேல் மலையாக இருக்கிற இடம். இந்தியாவின் வரைபடத்தோடு அதையும் நானே பத்து தரம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்பதும், அவர்களுக்கு முகம் இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றியதில்லை. நூலகத்துக்குள் இந்தியா கதவைத் தட்டத் தொடங்கியது. கற்பூரப் புகை தாங்கவில்லையாம்.

தேவைகளைக் காட்ட நான் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். அதிபர் கூட வரவில்லை. அவர் கடிகாரத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சுற்றி வளைக்காமல் நடந்ததை எல்லாம் சொன்னேன், ரிங் கட் உட்பட. கணித ஆசிரியர் கண்ணாடி வழியாக உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தரம் அடித்தார் என்று சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது.

அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார். "டெல்லியில் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து இதையேதான் சொல்வார்கள். அங்கே கேலிக்கு. உங்கள் பிள்ளைகள் மாலை போட்டுச் சொன்னார்கள். நான் கேட்டதில் இதுதான் நல்ல நீ ஹாவ்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டெல்லியில் அவரிடம் எந்த நாடு என்று கேட்பார்களாம். மிசோரம் என்றால் அது எந்த நாட்டில் என்பார்களாம். நான் என் கதையைச் சொன்னேன். இந்தியாவில் எந்தப் பக்கம், கண்டி, அதற்கு முன்னால், கண்டி ஆஸ்பத்திரி. அவர் மலசலகூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிறகு பைப்பைத் திறந்து பார்த்தார். காற்று வந்தது. பீலி எங்கே என்று கேட்டார், காட்டினேன். எங்கள் பிள்ளைகள் அந்தச் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள், இடைவேளை விட்டிருந்தது. இவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். பரீட்சையையும் இரண்டாம் உலகப் போரையும் பற்றிச் சொன்னேன்.

"மலசலகூடம் வேண்டும் என்று எழுதினால் என் மேலதிகாரிகள் படிக்க மாட்டார்கள்" என்றார். "ஆனால் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் என்னைச் சீன மொழியில் வரவேற்றார்கள் என்று எழுதினால் அன்றைக்கே படிப்பார்கள். நடந்தது அதுதானே? ஏன் என்று மட்டும் எழுத மாட்டேன்."

புடவைக் கடை முதலாளி தன் மனைவியைக் கேட்க வைத்ததும் இதுதான் என்று நினைத்தேன். அதிபரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நாம் அழுகிறோம், இரண்டு பக்கமும் அடித்தால்தானே சத்தம் வரும் என்றும் சொன்னார்.

சத்தம் வந்தது. அளக்க ஆட்கள் வந்தார்கள், பிறகு சீமெந்து வந்தது, பிறகு வெள்ளைத் தரையோடும் கைகழுவும் தொட்டிகளோடும் வரிசையாக மலசலகூடங்கள் எழும்பின. இதற்கிடையில் கணித ஆசிரியர் நீ ஹாவ் கும்மியை வீடியோ எடுத்து முகநூலில் போட்டிருந்தார். தன் பாட்டு வீணாகக் கூடாது என்று நினைத்தாராம். அதைச் சீனப் பக்கத்தில் யாரோ பார்த்து உருகிப் போய், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி அனுப்பினார்கள். பெருசு. புசல்லாவை முழுக்கக் குளிக்கலாம். அதன் வயிற்றில் சிவப்பு எழுத்து பஸ்ஸிலிருந்து தெரியும். மலைக்கு மேலே ஊற்றுப் பக்கம் அதை வைத்தோம்.

தாங்கி ஒரு வல்லரசுடையது, மலசலகூடம் மற்ற வல்லரசுடையது. நடுவில் பைப் போடுவது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் தங்கள் தாங்கியின் வாயோடு நின்றது. மறு பக்கம் தங்கள் சுவரோடு நின்றது. நம் பாடப் புத்தகத்தில் இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் கிடப்பதை இடைவெளி நாடு என்று எழுதியிருப்பதற்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது. கடைசியில் பிள்ளைகளின் அப்பாமார் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வேலை முடிந்து வந்து கான் வெட்டிப் பைப் புதைத்தார்கள். கணித ஆசிரியர் கோணம் பார்த்தார். அந்த மனிதரால் அன்றைக்குத்தான் உருப்படியான ஒரு பாதுகாப்பு ஏற்பாடு நடந்தது, பைப் ஒழுகவில்லை.

தண்ணீர் வந்தது. ஆனால் நாடா வெட்டும் வரை யாரும் பாவிக்கக் கூடாது என்று உத்தரவு. வெட்டப் போகிறவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வாரம் போனது. பூட்டிய கதவைத் தாண்டிப் பிள்ளைகள் பீலிக்கு இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதிபரின் அலுமாரியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்துவிட்டேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அணிசேராமை. அன்று மத்தியானம் என் வகுப்பில் பெண்பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரைத் தொடங்கினேன். பையன்கள் கொட்டாவி விடவில்லை.

திறப்பு விழாவுக்கு டெல்லிப் பக்கத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் மிசோரம்காரர் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த முறை எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாட்டைப் பாடித் தீர்த்துக்கொண்டது. பெரியவர் ஏற்கனவே வாரக் கணக்கில் பாவித்த கட்டடத்தின் நாடாவை வெட்டினார். நிமிர்ந்தபோது மேலே சிவப்பு எழுத்துத் தாங்கி கண்ணில் பட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், குரல் கொஞ்சம் இறுகியிருந்தது.

"மலையிலேர்ந்து சேர். மல எங்கடது" என்று எங்கள் அதிபர் தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு தேநீர் குடிக்கலாமா என்று கேட்டார்.

பெரியவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அன்போடுதான் திரும்பினார், அது எனக்குத் தெரிந்தது. அவருடைய வாய் திறப்பதற்கு முன்பே கேள்வியும் தெரிந்தது.

"உங்களுக்குச் சொந்த ஊர் எது, மேடம்?"

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து கோப்போடு நின்றவர் முந்திக்கொண்டார்.

"கண்டி, சார்."

"அதற்கு முன்னால்?"

"கண்டி ஆஸ்பத்திரி, சார்."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புதுத் தொட்டியில் பைப்பைத் திறந்து, எல்லோரும் பார்க்க முகம் கழுவினேன்.